மாதத்தின் முதல் வியாழன் இரவு கெய்ரோவில் என்ன நடக்கும், தெரியுமா?

கடைத்தெரு வெறிச்சோடிவிடும்! காப்பிக்கடைகளில் மட்டும் நிற்கக்கூட இடம் இருக்காது. தெருவில் ஒரே ஒரு வீட்டில் ரேடியோ இருந்தால், அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் அந்த வீட்டு வாசல்வரை நிரம்பி வழிவார்கள். கெய்ரோவில் மட்டுமா? டமாஸ்கஸ், பாக்தாத், டிரிப்போலி என்று மொராக்கோ கடற்கரைவரை இதே கதைதான். சிற்றலை ரேடியோவின் குமிழைத் திருகித் திருகி, இரைச்சலுக்கு நடுவே ஒரே ஒரு பெண்ணின் குரலைத் தேடிப் பிடித்தார்கள். 1930களில் தொடங்கிய இந்த மாதாந்திரக் கச்சேரி, அக்டோபர், நவம்பரில் ஆரம்பித்து கோடைவரை ஓடும் சீசன் சீசனாக, 1970களின் தொடக்கம்வரை நடந்தது என்றால் நம்ப முடிகிறதா?

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் உம்மு குல்தூம். நபிகள் நாயகத்தின் மகளுடைய பெயர். நம் ஊர் முஸ்லிம் வீடுகளிலும் புழங்குகிற பெயர்தான். எகிப்தியர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதே குறைவு. 'அஸ்-ஸித்' என்பார்கள், அதாவது 'அம்மணி'. வெறும் 'அம்மணி' என்றாலே யாரைச் சொல்கிறோம் என்று ஒரு தேசத்துக்கே தெரியும்! 'கிழக்கின் நட்சத்திரம்' என்பது இன்னொரு பட்டம். எகிப்தின் நான்காவது பிரமிடு என்றும் சொல்வார்கள்.

இத்தனை பெரிய பாடகி முதன்முதலில் பாட ஒப்புக்கொண்டது எதற்காகத் தெரியுமா? ஒரு கிண்ணம் பால் இனிப்புக்காக! நைல் நதியின் கழிமுகப் பகுதியில் தமாய் அஸ்-ஸஹாய்ரா என்று ஒரு சின்னக் கிராமம். அப்பா இப்ராஹிம் பள்ளிவாசல் இமாம். அந்தச் சம்பளம் குடும்பத்துக்குப் போதாமல், கல்யாண வீடுகளில் பக்திப் பாடல்கள் பாடி நாலு காசு சேர்ப்பார். மகன் காலிதுக்கு அவர் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது, அதே வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த குட்டிப்பெண் அத்தனையையும் காதாலேயே பிடித்துக்கொண்டாள். ஒருநாள் அவள் தன் பாட்டுக்குப் பாடுவதைக் கேட்ட அப்பா அசந்துபோனார். சபையில் பாடச் சொன்னால் மாட்டேன் என்று அடம். மஹல்லபிய்யா என்ற பாலில் செய்த இனிப்பைக் கொடுப்பதாகச் சொல்லித்தான் கூட்டிப்போக முடிந்ததாம்!

அதற்கடுத்த சிக்கல் பெரியது. ஒரு இமாமின் மகள் ஊர் நடுவே நின்று பாடுவதா? அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். மகளுக்கு ஆண்பிள்ளை உடுப்பு! நீளக் கோட்டு, தலையில் பதூயின் நாடோடிப் பையன்கள் கட்டுகிற தலைத்துணி. இந்த வேஷத்தில்தான் அந்தச் சிறுமி ஊர் ஊராகப் போய்ப் பாடினாள். 1920களின் முற்பகுதியில் குடும்பம் கெய்ரோவில் குடியேறிய பிறகும் சில காலம் அதே உடுப்புதான். நாகரிகமான பட்டணத்துப் பாடகிகளுக்கு நடுவே, கோட்டு மாட்டிய ஒரு நாட்டுப்புறப் பெண்! 1926 வாக்கில் அந்தக் கோலத்தைக் களைந்தார். அப்பாவும் அண்ணனும் பின்பாட்டுப் பாடிய குழுவை மாற்றி, தேர்ந்த வாத்தியக்காரர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அதன்பிறகு ஏறுமுகம்தான்!

ஆனால் அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடம் கொடுத்த ஒரு சொத்தை அவர் கடைசிவரை விடவில்லை. குர்ஆன் ஓதப் பழகிய நாக்கு அது. எந்த எழுத்து தொண்டையின் எந்த இடத்தில் பிறக்க வேண்டும், எங்கே நீள வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஓதும்போதே படிந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகூட அவர் பாடினால் செம்மொழிக் கவிதையைச் சொல் சொல்லாகக் கேட்டார். எத்தனை பெரிய விஷயம் இது! பல்கலைக்கழகப் பேராசிரியரும் படகோட்டியும் ஒரே கவிதைக்கு ஒரே நொடியில் தலையாட்டினார்கள்.

இனி சொல்லப்போவதுதான் என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கிற விஷயம். அவருடைய பாட்டு எவ்வளவு நேரம் நீளும், தெரியுமா? மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம் எல்லாம் கிடையாது. ஒரே பாட்டு ஒரு மணி நேரம்! சில இரவுகளில் அதையும் தாண்டும். ஒரு கச்சேரிக்கு இரண்டு அல்லது மூன்று பாட்டு, அவ்வளவுதான். இரவு தொடங்கினால் நள்ளிரவு தாண்டித்தான் வீடு. 'யா ஸலம்னி' என்ற பாட்டுக்கு மேடைப் பதிவுகள் ஏராளம். ஒன்றில் அது முக்கால் மணி நேரம் ஓடுகிறது. இன்னொன்றில் ஒன்றரை மணி நேரம்! அதே கவிதை, அதே மெட்டு, அதே பாடகி. அப்படியானால் அந்த இன்னொரு முக்கால் மணி நேரம் எங்கிருந்து வந்தது?

எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து!

அவர் ஒரு வரியைப் பாடுவார். கூட்டம் கொந்தளிக்கும். "இன்னொரு தடவை, அம்மணி!" என்று கூவும். அவர் திரும்பவும் அதே வரியை எடுப்பார்; ஆனால் அதே மாதிரி பாடமாட்டார். ஒரு சொல்லை இழுப்பார், இன்னொரு சொல்லை விழுங்குவார், திடீரென்று வேறொரு மகாமுக்குத் தாவி, கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அழகாகத் திரும்பி வந்து உட்காருவார். மகாம் என்பது அரபு இசையின் ராகம் என்று வைத்துக்கொள்ளலாம். மறுபடி கூச்சல். மறுபடி அதே வரி, மறுபடி புதுசு! நம் வித்வான்கள் ஒரு வரியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்யும்போது சபையில் ஒரு சிலிர்ப்பு ஓடுமே, அந்தச் சிலிர்ப்பை வாய்விட்டுக் கத்தித் தீர்க்க அனுமதித்தால் எப்படியிருக்கும்? அதுதான் அம்மணியின் கச்சேரி. இந்தப் பரவசத்துக்கு அரபியில் 'தரப்' என்று பெயர். தேர்ந்த ரசிகர்களை 'ஸம்மீஆ' என்பார்கள். எந்த இடத்தில் "அல்லாஹ்!" என்று வாய்விட வேண்டும், எங்கே அசையாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். கேட்பதையே ஒரு கலையாகப் பழகிய கூட்டம்!

பழைய பதிவுகளைக் கேட்டுப்பாருங்கள். வரி முடிகிற அந்த நொடியில், கைதட்டலுக்கும் விசிலுக்கும் மேலே ஏறி ஒரு ஆண் குரல் கேட்கும். "அஸமா அலா அஸமா, யா ஸித்!" மகத்துவத்தின் மேல் மகத்துவம், அம்மணி! ஒவ்வொரு கச்சேரிக்கும் தவறாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்த ரசிகரின் குரல் என்கிறார்கள். வானொலி வழியாக அந்தக் குரலும் தேசம் முழுக்கப் பிரபலமாகிவிட்டது. ஒரு ரசிகனின் கூவல் அரை நூற்றாண்டு தாண்டியும் பாட்டின் ஒரு பகுதியாக ஒலித்துக்கொண்டிருக்கிறது என்றால், இதைவிட என்ன பேறு வேண்டும்!

வாத்தியக்காரர்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். புதுப் பாட்டு என்றால் வாரக்கணக்கில் ஒத்திகை நடக்கும். அத்தனையும் மனப்பாடமாக இருக்க வேண்டும். காரணம், மேடையில் அம்மணி எந்த வரிக்கு எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது! கானூன் வாசித்த முகம்மது அப்து ஸாலிஹ், வயலின் வாசித்த அகமது அல்-ஹிஃப்னாவி போன்றவர்கள் அவருடைய மூச்சைக் கேட்டே அடுத்த அடியைப் பிடித்தார்கள். ஊத் வாசித்த முகம்மது அல்-கஸப்ஜி இன்னொரு ஆச்சரியம். 1920களில் அம்மணிக்குப் புரட்சிகரமான மெட்டுகள் போட்ட பெரிய இசையமைப்பாளர் அவர். பிற்காலத்தில் அவர் மெட்டுகளை அம்மணி பாடுவது நின்றுவிட்டது. அப்படியும் அந்த மனிதர் 1966-இல் இறக்கும்வரை அவருக்குப் பின்னால் உட்கார்ந்து ஊத் வாசித்தார்! அவர் போன பிறகு அந்த நாற்காலியை மேடையில் காலியாகவே வைத்திருக்கச் சொன்னார் அம்மணி என்று ரசிகர்கள் இன்றும் நெகிழ்ந்து சொல்வார்கள்.

கவிஞர் அகமது ராமியின் கதை தெரியுமா? பாரீஸில் பாரசீகம் படித்து, உமர் கய்யாமின் ருபாயியாத்தை நேரடியாக அரபியில் கொண்டுவந்தவர். உம்மு குல்தூமுக்காக மட்டும் 137 பாட்டு எழுதினார்! இலக்கியமும் அவரே சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாட்டெல்லாம் உண்மையில் யாருக்கு எழுதிய காதல் கடிதங்கள் என்று எகிப்து முழுக்கத் தெரியும் என்பார்கள். அவருடைய ருபாயியாத் மொழிபெயர்ப்பிலிருந்து சில பகுதிகளுக்கு ரியாத் அஸ்-ஸுன்பாத்தி மெட்டமைக்க, 1950-இல் அம்மணி பாடினார்.

தன் கவிதையை அம்மணி பாடிக் கடைசிவரை கேட்காமலே போய்விட்ட ஒரு கவிஞரும் உண்டு. இப்ராஹிம் நாஜி தொழிலால் டாக்டர், மனசால் கவிஞர். 1953-இல் இறந்துபோனார். 13 வருஷம் கழித்து, 1966-இல், அவருடைய கவிதைகளிலிருந்து உருவான 'அல்-அத்லால்' என்ற பாட்டை அம்மணி மேடையேற்றினார். 'இடிபாடுகள்' என்று பொருள். மெட்டு ஸுன்பாத்தியுடையது. அரபு உலகம் இந்த நூற்றாண்டிலும் தலையில் வைத்துக் கொண்டாடுகிற பாட்டு அது! என்னைக் கேட்டால் அவருடைய மகுடமே இதுதான்.

போட்டியாளரும் இருந்தார். முகம்மது அப்துல் வஹாப்! எகிப்திய இசையின் இன்னொரு சிகரம். பல பத்தாண்டுகள் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டுகூடச் செய்யவில்லை. இவர்களைச் சேர்த்துவைக்க அதிபர் நாஸரே முயற்சி எடுத்தார் என்பது பிரசித்தம். 1964 பிப்ரவரியில் அது நடந்தது. பாட்டின் பெயர் 'இன்த்த உம்ரி'. பத்திரிகைகள் அந்தச் சந்திப்புக்கு 'மேகங்களின் சந்திப்பு' என்று பெயர் சூட்டின! அம்மணி வாய் திறப்பதற்கு முன்னால் நீண்ட வாத்திய முன்னிசை, நடுவே எலெக்ட்ரிக் கிட்டார். பழமை விரும்பிகள் புருவத்தை உயர்த்தினார்கள். பாட்டோ காட்டுத்தீயாகப் பரவியது.

நாஸர் என்றதும் இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது. 1952-இல் மன்னராட்சி கவிழ்ந்தது. மன்னர் ஃபாரூக் 1944-இல் பட்டம் கொடுத்துக் கௌரவித்தவர் என்பதால், அம்மணியின் பாட்டு வானொலியில் நிறுத்தப்பட்டதாம். நாஸர் காதுக்கு விஷயம் போனது. மன்னர் காலத்தில் நைல் நதியும் ஓடியது, பிரமிடும் நின்றது. அவற்றையும் எடுத்துவிடுவீர்களா என்ற பொருளில் கேட்டாராம்! சொற்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இந்தக் கதை தெரியாத எகிப்தியர் அரிது. பின்னாளில் என்ன ஆயிற்று தெரியுமா? 1956 சூயஸ் போரின்போது அவர் பாடிய 'வல்லாஹ் ஸமான் யா ஸிலாஹி' என்ற பாட்டின் மெட்டே 1960 முதல் 1979 வரை எகிப்தின் தேசிய கீதம்! இராக்கும் சில காலம் அதே மெட்டைத் தன் கீதமாக வைத்திருந்தது!

இப்போது பாரீஸுக்குப் போவோம். 1967 நவம்பர். இஸ்ரேலுடன் நடந்த ஜூன் போரில் எகிப்து படுதோல்வி அடைந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒலிம்பியா அரங்கின் நிர்வாகி ப்ரூனோ கோகாத்ரிக்ஸ் கச்சேரிக்கு ஏற்பாடு செய்திருந்தார். எத்தனை பாட்டு பாடுவீர்கள் என்று கேட்டவருக்கு, இரண்டோ மூன்றோ என்று பதில் வந்ததும் தூக்கிவாரிப்போட்டதாம். பாவம், ஒரு பாட்டு எவ்வளவு நீளம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? 13-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் அரங்கு நிரம்பியது. பிரான்சில் கூலிவேலை செய்த வட ஆப்பிரிக்கத் தொழிலாளிகளும், தூர தேசங்களிலிருந்து விமானத்தில் வந்தவர்களும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்தார்கள். 'அல்-அத்லால்' உச்சத்தில் இருந்தபோது ஒரு இளைஞர் மேடைக்குத் தாவிப் பாய்ந்து அம்மணியின் காலை முத்தமிடக் குனிந்தார். அம்மணி நிலை தடுமாறி விழுந்துவிட்டார்! அறுபதைக் கடந்த பெண்மணி. அரங்கமே பதறியது. வாத்தியக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். எழுந்து நின்றவர் உடுப்பைச் சரிசெய்துகொண்டு பாட்டைத் தொடர்ந்தார்! அந்த இரவுக்குக் கிடைத்த சம்பளம்? எகிப்தின் போர் நிதிக்கு.

அதோடு நிற்கவில்லை. துனிசியா, மொராக்கோ, குவைத், லெபனான், சூடான், லிபியா என்று நாடு நாடாகப் போய்ப் பாடி, வந்த பணத்தையெல்லாம் தேசத்துக்குக் கொடுத்தார். போன இடத்திலெல்லாம் நாட்டுத் தலைவருக்குரிய வரவேற்பு. 1970 செப்டம்பரில் பாட மாஸ்கோ போயிருந்தபோதுதான் நாஸர் இறந்த செய்தி வந்தது. கச்சேரியை ரத்து செய்துவிட்டுத் திரும்பினார்.

கையில் எப்போதும் ஒரு பட்டுக் கைக்குட்டை தொங்கும், கவனித்திருக்கிறீர்களா? உணர்ச்சி ஏற ஏற அதைக் கசக்குவார், முறுக்குவார், உதறுவார். மேடைப் பதற்றத்தையெல்லாம் அந்தத் துணிதான் வாங்கிக்கொண்டது என்பார்கள். கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு வந்ததல்ல. தைராய்டு நோய் அவர் கண்களைப் பாதித்திருந்தது. இன்று கெய்ரோவில் ரோதா தீவில் இருக்கும் அவருடைய அருங்காட்சியகத்தில் அந்தக் கண்ணாடியையும் கைக்குட்டையையும் பார்க்கவே கூட்டம் வருகிறது.

நோபல் பரிசு பெற்ற நகீப் மஹ்ஃபூஸ் தன் மகளுக்கு என்ன பெயர் வைத்தார், தெரியுமா? உம்மு குல்தூம்! அவருடைய 'மிராமார்' நாவலில், அலெக்ஸாந்திரியா விடுதி ஒன்றில் தங்கியிருக்கும், ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத மனிதர்கள் எல்லோரும் ஒரு இரவு ரேடியோவைச் சுற்றி உட்காருகிறார்கள். வேறு யாருடைய கச்சேரிக்கு? மேற்கத்தியப் பாடகர்கள் பாப் டிலனும் ராபர்ட் பிளான்ட்டும் அம்மணியின் ரசிகர்கள் என்பது உபரிச் செய்தி!

1973-இல் அம்மணியின் உடல் மிகவும் தளர்ந்தது. கடைசிப் புதுப் பாட்டை ஸ்டூடியோவில் நாற்காலியில் உட்கார்ந்தபடி பதிவு செய்தார். மணிக்கணக்கில் நின்றே பாடியவர்! 1975 பிப்ரவரி 3 அன்று காலமானார். இரண்டு நாள் கழித்து இறுதி ஊர்வலம். பெரிய தலைவர்கள், தூதர்கள், ஒழுங்கான அரசு ஏற்பாடு எல்லாம் இருந்தது. கூட்டத்துக்கு அது பொறுக்கவில்லை. பெட்டியைத் தோளில் வாங்கிக்கொண்டு தன் போக்கில் புறப்பட்டுவிட்டது! தெருத் தெருவாக, தோள் மாற்றித் தோள் மாற்றி, மணிக்கணக்கில் சுமந்து, அவருக்குப் பிடித்தமான ஹுசைன் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நாற்பது லட்சம் பேர் என்று ஒரு மதிப்பீடு திரும்பத் திரும்ப அச்சாகிறது. எண்ணிக்கை இருக்கட்டும். வாழ்நாள் முழுக்க "இன்னொரு தடவை" என்று கேட்டுக்கேட்டு அவரை விடாமல் நிறுத்தி வைத்தவர்கள், கடைசிப் பயணத்திலும் அதைத்தானே செய்தார்கள்?

பாக்தாத்தின் ரஷீத் தெருவில் அவர் பெயரிலேயே ஒரு காப்பிக்கடை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. போர், குண்டு, ஆட்சி மாற்றம் எல்லாவற்றையும் தாண்டி அங்கே தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே அம்மணி பாடிக்கொண்டிருக்கிறார்! சவூதியின் அல்-உலாவில் 2019-இல் ஹோலோகிராம் உருவில் அவரை மேடையேற்றினார்கள். அதற்கும் கூட்டம் கூடியது. எனக்கு அதில் ஒரு குறை உண்டு. "இன்னொரு தடவை" என்று கூவினால் ஹோலோகிராம் திரும்பிப் பார்க்காதே!

கேட்க ஆசை வந்துவிட்டதா? 'இன்த்த உம்ரி'யில் தொடங்குங்கள். மெட்டு உடனே பிடித்துக்கொள்ளும். பிறகு 'அல்-அத்லால்'. இரண்டிலுமே ஸ்டூடியோப் பதிவை விட்டுவிட்டு மேடைப் பதிவைத் தேடிப் பிடியுங்கள். அரபி தெரியாவிட்டால் பரவாயில்லை. முன்னிசை நீளமாக இருக்கிறதே என்று ஓட்டிவிடாதீர்கள். அந்த நேரத்தில்தான் கூட்டம் இருமித் தீர்த்து, நாற்காலியில் சரிந்து, தயாராகிறது. முதல் வரி முடிந்ததும் எழுகிற கூச்சலைக் கவனியுங்கள். அதே வரி இரண்டாம் முறை வரும்போது எந்தச் சொல் மாறி விழுகிறது என்று பாருங்கள். மூன்றாவது முறைக்கு நீங்களே கேட்க ஆரம்பித்துவிடுவீர்கள்.